குளிர்காய்தல்

அர்விட்ஸ்யவுர் தாண்டி வடக்கே
பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
அஸ்லாக் விட்ட மூச்சு
அவன் மீசையிலேயே தங்கிவிடுகிறது.
கிரேன் பைன் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க
லாரி நின்ற இடத்திலேயே உறுமுகிறது.
அதன் வயிற்றுக்குக் கீழே
பனியில் ஒரு குழி உருகுகிறது.

புகைக்குழாயின் வாய் பார்த்த இடத்தில்,
கறுத்த விளிம்போடு,
ஒரு முழ அகலம்.
போன டிசம்பரில் கையால் அளந்தேன்.
முதல் அளவீடு அதுதான்.
கருவிகளெல்லாம் பிறகு வந்தன.

நூறு சொட்டு டீசல் எரிந்தால்
நாற்பது சொச்சம் சக்கரத்துக்கு.
ரேடியேட்டர் ஒரு பங்கைத் தின்னும்.
முப்பது சொட்டுக்குக் குறையாமல்
இந்தக் குழாய் வழியே போகிறது,
யாருக்கும் உதவாமல், யாரையும் கேட்காமல்.
லாப்லாந்தின் வானம் மொத்தமும்
எங்கள் காசில் குளிர்காய்கிறது.

லூலியோவில், மீன்கிடங்காக இருந்த ஒரு பட்டறையில்
ஐந்து பேர் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்தோம்.
புகைக்குழாயைச் சுற்றி எஃகு நரம்புகள்.
நரம்புக்குள் எத்தனால்.
தண்ணீருக்கு முந்திக் கொதித்துவிடுகிற அவசரக்காரன்.
ஆவியாகி எழுந்து
உள்ளங்கை அகலச் சுழலியை உதைத்துவிட்டு
முன்பக்கக் காற்றில் குளிர்ந்து, திரவமாகி,
மறுபடி வரிசையில் போய் நிற்பான்.
செத்துச் செத்துப் பிறப்பதுதான் வேலை.
சுழலியின் சுற்றைப் பல்சக்கரம் வாங்கி
எஞ்சின் கையிலேயே திருப்பிக் கொடுக்கும்.

எடை நூற்று முப்பத்தெட்டு கிலோ.
"ஒன்றரை ஆளை ஏற்றிவிட்டிருக்கிறாய்" என்றான் அஸ்லாக்.
"வேலை செய்வானா,
அல்லது தூங்கிக்கொண்டே வருவானா?"

மூன்றாம் நாள் மொஸ்கோசெலில் போலீஸ் மறித்தது.
கதவு திறந்ததும்
குன்வோர் என்ற அந்த அதிகாரி மூக்கைச் சுருக்கினாள்.
குப்பென்று சாராய நெடி.
அஸ்லாக் ஊதினான். பூஜ்ஜியம்.
இன்னொரு தரம். பூஜ்ஜியம்.
நானும் ஊதினேன்.
"அப்படியானால் யார்தான் குடித்தது?"
அஸ்லாக் எஞ்சினைக் காட்டினான்.

டார்ச் அடித்து மூவரும் குனிந்தோம்.
நாலாவது இணைப்பில்
கடுகளவு ஒரு துளி
விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
குளிரில் சுருங்கிய ரப்பர் வளையம்.
பத்துக் காசு பெறாது.
கையுறை கழற்றினால்தான் விரலுக்கு அகப்படும்.
கழற்றினேன்.
என் ஆள்காட்டி விரலின் தோல் கொஞ்சம்
இன்னும் அந்த ஸ்பேனரில்தான் இருக்கிறது.
குன்வோர் கடைசிவரை டார்ச்சைப் பிடித்திருந்தாள்.
லாரிக்கு அபராதம் போடச் சட்டமில்லை என்று சொல்லி
பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றித் தந்தாள்.

இருபத்திரண்டு நாள். ஒன்பதாயிரம் கிலோமீட்டர்.
ஐந்து சதவீதம் என்று
கூட்டத்தில் திரை போட்டுக் காட்டியிருந்தோம்.
வந்தது மூன்றுக்கும் சற்றுக் கீழே.
ஏற்றத்தில் நன்றாக உழைத்தான் எங்கள் ஒன்றரை ஆள்.
இறக்கத்தில் எஞ்சின் சும்மா இருக்க
அவனும் சும்மா இருந்தான்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
அறிக்கையில் அதை வேறு வார்த்தையில் எழுதினேன்.

அஸ்லாக் சிகரெட் அட்டையின் பின்னால்
பென்சிலால் கணக்குப் போட்டான்.
வருஷத்துக்கு அறுபதாயிரம் லிட்டர் குடிக்கிற வண்டி.
ஆயிரத்து எழுநூறு மிச்சம்.
"எட்டு நாள் ஓட்டம் ஓசியில்" என்றான்.
பிறகு அட்டையை மடித்து
சட்டைப் பையில் பத்திரப்படுத்தினான்.

நேற்று மறுபடி கட்டை ஏற்றும்போது பார்த்தேன்.
அதே இடம், அதே அரைமணி நேரம்.
குழி முக்கால் முழம்.
குறைந்த சூட்டில் பாதிக்கு மேல்
முன்வாசல் வழியாக ஓடியிருக்கும். எனக்குத் தெரியும்.
அவனிடம் சொல்லவில்லை.

அஸ்லாக் பூட்ஸை விட்டுப் பார்த்தான்.
ஒரு கால் போனது.
மறு காலுக்கு இடமில்லை.